குங்குமம் வைத்த சர்வர்

அத்தியாயம் 7

அந்த நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் சீக்கிரமே அழுதுவிடுவார்கள். லவினா அழவில்லை. இளவேனில் அவள் பக்கம் தள்ளிய டிஷ்யூ பெட்டியைத் திருப்பித் தள்ளிவிட்டு ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா வேலை மட்டும் போகும் மேடம். போடலைன்னா போலீஸ் கம்ப்ளைண்ட்டாம். சாயங்காலம் வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க."

காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது. நல்ல ஆங்கிலம். வேலை நேரத்தில் தூங்கிவிட்டேன் என்ற ஒரு விஷயத்தைச் சொல்ல ஒரு பக்கம் முழுவதையும் செலவழித்திருந்தார்கள். இந்த ஊரில் ஒருத்தி கழுத்தை அறுப்பதாக இருந்தால்கூட முதலில் மரியாதையாக ஒரு கடிதம் தயாராகிவிடுகிறது என்று இளவேனில் நினைத்துக்கொண்டாள்.

"தூங்கினீங்களா?"

"எங்க வீட்டுல ரெண்டு பசங்க, மாமியார், ராத்திரி பூரா டிவி பாக்குற மாமனார். நான் தூங்கணும்னா ஆபீசுக்குத்தான் போகணும். ஆனா தூங்கலை."

"இதை விட நியாயமான பதில் கிடைக்காது மேடம். கேஸை எடுத்துக்கலாம்," என்றான் சீனு. அவன் துப்பறியும் இளவேனிலின் உதவியாளன். கார் ஓட்டுவது, பில் போடுவது, வாயடிப்பது ஆகிய வேலைகளில் கடைசி வேலைக்கு மட்டும் அவன் லீவு எடுத்ததே கிடையாது.

இளவேனில் பேசாமல் இருந்தாள். அது அவள் வழக்கம். எதிரே இருப்பவர் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் எதையாவது போட்டு நிரப்புவார். விஷயம் அதில்தான் இருக்கும். லவினா எதையும் போட்டு நிரப்பவில்லை. தன் பங்குக்கு அவளும் பேசாமல் இளவேனிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்கிறவர்களுக்கு இத்தனை பொறுமை இருப்பதில்லை.

"சனிக்கிழமை நடந்ததை முதல்ல இருந்து சொல்லுங்க," என்றாள் இளவேனில்.

லவினா சொன்னது இதுதான். மர்பி டவுனிலிருந்து பஸ் மாறி மாறி ஹெப்பகோடிக்குப் போய் அவள் பார்ப்பது கண்காணிப்பு வேலை. கம்பெனியின் பெயர் அனிமிஷநேத்ரா. யார் யாருடைய கோடவுன்களிலோ இருக்கும் கேமராக்களும் அலாரங்களும் அங்கே உள்ள ஒரு சர்வரோடு பேசும். சர்வர் அதை லவினாவின் திரையில் காட்டும். பச்சை என்றால் பத்திரம். சிவப்பு வந்தால் உடனே போன் செய்து ஆள் அனுப்ப வேண்டும்.

போன சனிக்கிழமை பழைய சர்வரை ஓய்வுக்கு அனுப்பிவிட்டுப் புதிய இயந்திரத்துக்கு எல்லாவற்றையும் மாற்றினார்கள். மதியம் இரண்டு மணிக்கு மாற்றப்போகிறோம், அந்த ஒரு மணி நேரம் காவலுக்கு உங்கள் சொந்த ஆளை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று எல்லா வாடிக்கையாளர்களுக்கும் முன்பே மெயில் போயிருந்தது. ஆனால் அன்று பன்னிரண்டு தாண்டிய சிறிது நேரத்தில், ஆனேக்கல்லில் வெங்கடசாமி என்பவரின் கோடவுன் பின்கதவை உடைத்து, செம்புக் கம்பிச் சுருள்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே அலாரம் அடித்ததைப் பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். ஹெப்பகோடியில் யாரும் அசையவில்லை.

பழைய சர்வர் இரண்டு மணி வரை ஓடியது, ஆகவே சிவப்பு வந்தது, நீதான் பார்க்கவில்லை என்கிறது கம்பெனி.

"பச்சையாத்தான் இருந்துச்சு மேடம். எல்லாமே பச்சை. அன்னிக்கு ஹால்ல நான் ஒருத்திதான். மத்தவங்க கீழ ஏதோ வேலைன்னு போயிட்டாங்க. ரெண்டு மணி வாக்குல ஸ்க்ரீன் ஒரு தடவை அணைஞ்சு புதுசு வந்துச்சு. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

"பழைய சர்வர் இப்ப எங்க?"

"அன்னிக்கே எல்லாத்தையும் அழிச்சுட்டு பழைய சாமான்காரனுக்குக் குடுத்துட்டாங்க."

"சாட்சியை உயிரோட எடைக்குப் போட்டிருக்காங்க," என்றான் சீனு.

அனிமிஷநேத்ரா என்றால் இமைக்காத கண்ணை உடையவன் என்று அர்த்தமாம். ஹெப்பகோடி ஆபீசின் வரவேற்பறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கண் வரைந்திருந்தார்கள். அதன் ஓரத்தில் ஈரம் கசிந்து சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. கண்ணில் புரை என்று சீனு முணுமுணுத்தான்.

ஆபரேஷன்ஸ் ஹெட் சஞ்சய் நின்றுகொண்டே வேலை செய்யும் மேஜை ஒன்று வைத்திருந்தார். அதன் முன்னால் சாய்வு நாற்காலி ஒன்றும் வைத்திருந்தார். பேச்சில் 'பிராசஸ்' என்ற சொல் மூச்சுக்கு ஒரு தடவை வந்தது. தங்கள் பிராசஸ் ஜெர்மனியில் இருக்கும் தலைமை அலுவலகத்தின் ஒப்புதல் பெற்றது, அதில் இரண்டு மணி என்று போட்டிருந்தால் இரண்டு மணிதான், மனிதத் தவறுக்கு இயந்திரம் பொறுப்பாகாது என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். லவினாவைப் பற்றிச் சொல்லும்போது அவள் பெயரைச் சொல்லவே இல்லை. 'அந்த ரிசோர்ஸ்' என்றார்.

இளவேனில் அவர் நிறுத்தும் வரை காத்திருந்தாள். நிறுத்திய பிறகும் காத்திருந்தாள். சஞ்சய் தண்ணீர் குடித்தார். பிறகு கேட்காமலேயே, வேண்டுமானால் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளலாம், மறைக்க ஒன்றுமில்லை என்றார்.

கீழ்த்தளத்தில் குளிர் எலும்பைத் தொட்டது. அருண்குமார் என்ற இன்ஜினியர் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றான். திருப்பத்தூர்க்காரன். சனிக்கிழமை பற்றி எதைக் கேட்டாலும், சார் சொன்ன மாதிரி ரெண்டு மணிக்குத்தான் என்று ஒப்பித்தான்.

புதிய சர்வர் கறுப்பாக, மெல்லிய இரைச்சலோடு இருந்தது. அதன் நெற்றியில் சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம், தலையில் ஒரு எலுமிச்சம்பழம், காய்ந்த மல்லிகைச் சரம். ஜெர்மனிக்கு அனுப்பிய போட்டோவில் இதெல்லாம் இருந்திருக்காது என்று இளவேனிலுக்குத் தோன்றியது. இந்த ஊரில் எந்த இயந்திரமும் பொட்டு வைக்காமல் வேலைக்குச் சேர்வதில்லை. அதில் அவளுக்கு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் மேல்மாடியில் பிராசஸ் பேசுகிறவர்கள் கீழ்மாடியில் எலுமிச்சம்பழம் நறுக்குவதைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை.

"பூஜை போட்டு, ஆரத்தி காட்டின கையோட சுவிட்சைப் போடுவீங்க, இல்லையா?"

"ஆமா மேடம். அப்பதானே போடணும்."

"பழசு ஓடும்போதே புதுசையும் போட்டீங்களா?"

"அது முடியாது. ரெண்டுக்கும் ஒரே அட்ரஸ். ஒரே கதவு நம்பர்ல ரெண்டு வீடு இருந்தா தபால்காரன் என்னா பண்ணுவான்? பழசை அணைச்சாத்தான் புதுசு எழுந்திரிக்கும். அப்புறமும் செட் ஆக நேரம் புடிக்கும்."

இளவேனில் திரும்பிப் போவது போல இரண்டடி வைத்தாள். பிறகு நின்றாள்.

"சனிக்கிழமை ரெண்டு மணி எமகண்டமாச்சே. அதுலயா தேங்கா உடைச்சீங்க?"

அருண்குமாரின் முகம் சிவந்தது. இவ்வளவு நேரம் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசிக்கொண்டிருந்தவனுக்கு, இப்போது குலத்தையே பழித்துவிட்டது போலிருந்தது.

"எமகண்டத்துல தேங்கா உடைக்கிற அளவுக்கு விவரம் கெட்டவங்களா மேடம் நாங்க? உச்சிவேளைக்கே எல்லாம் முடிச்சுட்டோம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

"தம்பி, குளிருக்கு வாய் கோணிக்கிச்சுன்னு சொல்லிப் பாருங்க," என்றான் சீனு. "நாங்க நம்பமாட்டோம். ஆனா சொல்லிப் பாருங்க."

மீதியை அருண்குமார் தானாகவே சொல்லிவிட்டான். பன்னிரண்டு மணிக்கு ஆரத்தி. அப்போதே பழைய சர்வரை அணைத்துவிட்டார்கள். புதியது எழுந்து நிற்க இரண்டு மணி ஆகிவிட்டது. இடையில் லவினாவின் திரையில் இருந்தது, பழைய சர்வர் கண்ணை மூடுவதற்கு முன் காட்டிய கடைசிப் படம். அப்போது எல்லாம் பச்சையாக இருந்தது. ஆகவே பச்சையாகவே உறைந்து நின்றது. உண்மையில் கதவு உடைந்தபோது இமைக்காத கண்ணுக்குப் பார்வையே இல்லை. ஜெர்மனிக்குத் தெரிந்தால் சஞ்சயின் வேலை போகும் என்பதால் லவினாவின் வேலையைக் கொடுத்துவிட முடிவு செய்திருக்கிறார்கள்.

"நேரத்தை மாத்தச் சொன்னது யாரு? சஞ்சயா?"

"சாருக்கு எமகண்டம்னா என்னான்னே தெரியாது மேடம். வெளியில இருந்து போன் வந்துச்சு. யாருன்னு அவர் சொல்லல. பூசாரி மட்டும் ஆனேக்கல்ல இருந்து வந்தாரு. இராஜமாணிக்கம்னு பேரு."

காரில் ஏறியதும் சீனு, கேஸ் முடிந்துவிட்டது, வழியில் பிரியாணி சாப்பிடலாம் என்றான். அருண்குமார் சொன்னதே போதும், லவினா தப்பித்துவிடுவாள் என்பது அவன் கணக்கு. இளவேனில் ஆனேக்கல் பக்கம் கையைக் காட்டினாள். அருண்குமார் நாளைக்கே நான் அப்படிச் சொல்லவில்லை என்பான். அதைவிட, மெயிலில் இருந்தது இரண்டு மணி. திருடர்கள் வந்தது பன்னிரண்டுக்கு. கண் இருட்டியிருந்த நேரம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவள் இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சந்தாபுரா தாண்டி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபோது சீனுவும் பேச்சை விட்டுவிட்டு ரேடியோவைப் போட்டான்.

ஆனேக்கல்லுக்கு வெளியே, ஓசூர் பஸ்கள் திரும்பும் இடத்துக்கு அருகில் சின்ன பைரவர் கோயில். இராஜமாணிக்கம் வாசலில் உட்கார்ந்து போனில் ரம்மி ஆடிக்கொண்டிருந்தார். பூஜை என்ற சொல்லைக் கேட்டதும் போனைக் கவிழ்த்துவிட்டு மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். சர்வர் பூஜை என்றதும் முகம் சுருங்கியது.

அந்த நாளை நினைவுபடுத்தாதீர்கள் என்று புலம்ப ஆரம்பித்தார். சனிக்கிழமை தேய்பிறை அஷ்டமி. பைரவருக்கு விசேஷமான நாள். மிளகு தீபம் ஏற்ற வரிசை ரோடு வரை நிற்கிறது. அந்த நேரத்தில் பார்த்து வெங்கடசாமி அண்ணன் கார் அனுப்பிவிட்டார். முடியாது என்று சொல்ல முடியுமா, கோயிலுக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர் அவர். அபிஷேகத்தை மச்சானிடம் விட்டுவிட்டு ஹெப்பகோடிக்கு ஓடினாராம். மச்சானுக்கு மந்திரம் தெரியாது, ஆனால் குரல் நன்றாக இருக்கும் என்றார்.

"எந்த வெங்கடசாமி?" என்றாள் இளவேனில்.

"செம்புக் கம்பி கோடவுன்காரர். அன்னிக்கே பாவம் அவர் கோடவுன்ல திருட்டு. நல்லவங்களுக்குத்தாம்மா சோதனை."

இளவேனில் உண்டியலில் ஒரு நோட்டைப் போட்டுவிட்டு, விபூதி வாங்கிக்கொண்டு, நீண்ட நேரம் சன்னதியைப் பார்த்தபடி நின்றாள். சீனு பின்னால் வந்து மெதுவாகச் சொன்னான்.

"அடப் பாவமே. பக்தி முத்திப்போய் தன் கோடவுனுக்குத் தானே குழி வெட்டிக்கிட்டாரே மனுஷன். அவர் போன் பண்ணி நேரத்தை மாத்தலைன்னா அலாரம் லவினா ஸ்க்ரீன்ல வந்திருக்கும்."

"வண்டியை எடு," என்றாள் இளவேனில். "கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி போகணும்."

அவர்கள் திரும்பியபோது சஞ்சயின் அறையில் லவினாவை உட்கார வைத்திருந்தார்கள். கையில் பேனாவைக் கொடுத்திருந்தார்கள். அவள் அதை மூடியோடு பிடித்துக்கொண்டிருந்தாள். அருண்குமார் கதவோரம் நின்றான். சாய்வு நாற்காலியில் ஒரு பருத்த மனிதர். நெற்றியில் மூன்று நிறங்கள், விரல்களில் நான்கு கற்கள், மணிக்கட்டில் கோயில் கயிறுகளின் கற்றை. வெங்கடசாமி.

"நோடம்மா, இங்க பாரும்மா, எனக்கு இந்தப் பொண்ணு மேல கோபமில்ல," என்றார் இளவேனிலைப் பார்த்து. "சின்ன வயசு, கண்ணு அசந்திருக்கும். கையெழுத்துப் போட்டா இன்சூரன்ஸ்காரனும் பேஜார் பண்ணாம விட்டுடுவான். நானும் இவ மேல கம்ப்ளைண்ட் குடுக்கமாட்டேன். எல்லாருக்கும் நிம்மதி."

இளவேனில் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே பழைய சர்வரை அணைத்துவிட்டது தனக்குத் தெரியும் என்றாள். சஞ்சய் வாயைத் திறந்தார். அருண்குமார் தரையைப் பார்த்ததைக் கண்டு மூடிக்கொண்டார்.

"நேரத்தை மாத்தச் சொல்லி போன் பண்ணது நீங்க," என்றாள் வெங்கடசாமியிடம்.

அவர் அதிரவில்லை. பெருமூச்சு விட்டார். ஆமாம், சொன்னேன், எமகண்டத்தில் புது மிஷினைப் போடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வரவில்லை, என் பக்திதான் என் சரக்கைக் கொண்டுபோய்விட்டது, எல்லாம் விதி என்றார். குரலில் ஈரம் இருந்தது. அருண்குமார் தலையை ஆட்டினான். லவினாவே ஒரு கணம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். அவளுக்கு வந்த இரக்கத்தைப் பார்த்தபோது இளவேனிலுக்கு அந்த மனிதர் மேல் இருந்த அருவருப்பு இன்னும் கெட்டியானது.

"சாஸ்திரம் ரொம்பப் பாப்பீங்களோ?"

"எங்க வீட்ல எல்லாமே பாத்துத்தாம்மா. போன மாசம் புது லாரி எடுத்தேன். ஷோரூம்காரன் அவசரப்படுத்தினான். நவமிடா, வேண்டாம்னு நிறுத்தி வெச்சுட்டேன். அஷ்டமி நவமின்னா எங்க வீட்ல சுவத்துல ஆணிகூட அடிக்க மாட்டாங்க."

இளவேனில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஹாலில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. வெங்கடசாமி சிரித்தார். கயிறுகளைத் திருகினார். என்னம்மா பார்க்கிறீர்கள் என்றார். அவள் அப்போதும் பேசவில்லை. அவர் சஞ்சயைப் பார்த்தார், திரும்ப அவளைப் பார்த்தார். அப்புறம் அவர் சிரிப்பு நின்றுபோனது.

"போன சனிக்கிழமை என்ன திதி?" என்றாள் இளவேனில்.

அருண்குமாரின் உதடுகள் நாள் எண்ணுவது போல அசைந்தன. பிறகு அவன் நிமிர்ந்து வெங்கடசாமியைப் பார்த்தான்.

"தேய்பிறை அஷ்டமி," என்றான் சீனு. "பைரவர் கோயில் க்யூ ரோடு வரைக்கும் நின்னுச்சாம். அந்தக் க்யூவை விட்டுட்டு ஓடி வரச் சொல்லிப் பூசாரிக்குக் கார் அனுப்பியிருக்கார் அண்ணன்."

"ஒன்றரை மணி நேர எமகண்டத்துக்குப் பயந்த மனுஷன், நாள் முழுக்க இருந்த அஷ்டமிக்குப் பயப்படல," என்றாள் இளவேனில். "நாளை மாத்தச் சொல்லல, நேரத்தை மட்டும் மாத்தச் சொன்னீங்க. ரெண்டு மணின்னா எல்லா வாடிக்கையாளருக்கும் தெரியும். உங்க கோடவுன்லயும் ஆள் நிறுத்தியாகணும். பன்னெண்டு மணி, நீங்க அனுப்பின பூசாரியை விட்டா, இந்த ஆபீசுக்கு வெளியில ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். உங்களுக்குத் தேவைப்பட்டது நல்ல நேரம் இல்ல. உங்க சரக்கை நீங்களே கிளப்ப யாரும் பாக்காத நேரம். பணத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு. பழிக்கு இந்தப் பொண்ணு இருக்கா."

வெங்கடசாமி எழுந்தார். திதியை வைத்துக் கேஸ் போடுவீர்களா, எந்தக் கோர்ட்டில் பஞ்சாங்கம் படிக்கிறார்கள் என்று கேட்டார். குரலில் இப்போது ஈரம் இல்லை.

"கோர்ட்டுக்குப் பஞ்சாங்கம் வேணாம். அந்த நேரத்துல நீங்க யார் யாருக்கு போன் பண்ணீங்கன்னு மட்டும் பார்த்தா போதும்," என்றாள் இளவேனில். "எங்க தேடணும்னு தெரியாமத்தான் இவ்வளவு நாள் தேடாம இருந்தாங்க."

"பூசாரி எங்ககிட்ட சொல்லி முடிக்க ஒரு ரம்மி ஆட்டம்கூட ஆகல," என்றான் சீனு. "போலீஸ் வந்து நின்னா சீட்டைப் பிரிக்கறதுக்குள்ளயே எல்லாத்தையும் சொல்லிடுவாரு."

வெங்கடசாமி சஞ்சயைப் பார்த்தார். சஞ்சய் முதல் முறையாக ஒரு பிராசஸும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். எமகண்டம் என்று ஒருவன் போனில் சொன்னதும் ஒன்றும் புரியாமல் தலையாட்டிய தன்னுடைய முட்டாள்தனம் அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டிருந்தது. வெங்கடசாமி கதவைத் திறந்துகொண்டு போனார். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கும் சத்தம் கேட்டது. இளவேனில் தடுக்கவில்லை. ஆனேக்கல் போலீஸிடம் அவள் வரும் வழியிலேயே பேசியிருந்தாள். கோடவுனையும் வீட்டையும் விட்டு அந்த மாதிரி ஆட்கள் வேறெங்கும் போவதில்லை.

சஞ்சய் தொண்டையைச் செருமினார். லவினா நாளைக்கு வழக்கம்போல ஷிஃப்டுக்கு வந்துவிடலாம் என்றார். இந்தச் சம்பவத்தை எல்லோரும் கடந்து போவதுதான் நிறுவனத்துக்கு நல்லது என்றார். மன்னிப்பு என்ற சொல் பக்கம் அவர் போகவே இல்லை.

லவினா பேனாவை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"வரேன் சார். நான் தூங்கிட்டேன்னு நாலு நாளா ஹால்ல எல்லாரும் சிரிச்சாங்க. நீங்கதான் சொன்னீங்க அவங்ககிட்ட. இப்ப வந்து நான் தூங்கலைன்னு சொல்லுங்க."

"மெயில் போட்டுடறேன்."

"மெயில் வேணாம்."

அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். சஞ்சய் இளவேனிலைப் பார்த்தார். இளவேனில் பேசாமல் இருந்தாள். அந்த மௌனத்தில் நிற்பதைவிட ஹாலில் நிற்பது மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வெளியே போனார்.

ஹாலில் திரைகளுக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். சஞ்சய் ஆங்கிலத்தில் ஏதோ ஆரம்பித்தார். பாதியில் அது எங்கேயும் போய்ச் சேராது என்று தெரிந்து நிறுத்தினார். காலரைத் தளர்த்திக்கொண்டார்.

"சனிக்கிழமை லவினா தூங்கலை," என்றார் மெல்லிய குரலில்.

லவினா கையைக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றாள்.

"சத்தமா சொல்லுங்க சார். கடைசி சீட்டுக்குக் கேக்கல."